பட்டமா, சான்றிதழா, இலவசப் பாடமா? தொண்டு நிறுவன நிர்வாகத்தை ஆன்லைனில் படிக்க நினைப்பவர்களுக்கு

தொண்டு நிறுவன வேலை விளம்பரங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமே ஆகியிருக்கும்: "முதுகலைப் பட்டம் அவசியம், அல்லது அதற்கு இணையான அனுபவம்." இந்த வரியின் முதல் பாதியை மட்டும் பார்த்துப் பதறி, இரவோடு இரவாக ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவர்களை எனக்குத் தெரியும். நானும் பாதி விண்ணப்பம் வரைக்கும் போனவன்தான். அந்த 'அல்லது' அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை.

களப்பணியில் சேர்ந்து, ஒருங்கிணைப்பாளராகி, ஆறேழு வருடம் கழித்து அடுத்த படி ஏற முடியாமல் நிற்பவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் படிப்பைத் தேடுகிறார்கள். வேலை தெரியும், மக்களைத் தெரியும், ரிப்போர்ட்டும் எழுத வரும். ஆனால் புரோகிராம் மேனேஜர் இடம் காலியானால் வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். உடனே நமக்குத் தோன்றுவது, அவரிடம் பட்டம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பதுதான். சில இடங்களில் அது உண்மை. பல இடங்களில் அவருக்கு பட்ஜெட் போடவும் அதை போர்டு (நிறுவனத்தின் நிர்வாகக் குழு) முன்னால் விளக்கவும் தெரியும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் எந்தக் கல்லூரி நல்லது என்று தேடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்து உங்களுக்கு வேண்டிய பதவிக்கான விளம்பரங்கள் இருபதைச் சேகரியுங்கள் (கனவுப் பதவிக்கு வேண்டாம், அடுத்த பதவிக்கு). ஒவ்வொன்றிலும் 'இதை நான் செய்திருக்கிறேன்' என்று தைரியமாகச் சொல்ல முடியாத வரிகளை அடிக்கோடிடுங்கள். நான் செய்தபோது திரும்பத் திரும்பக் கோடு விழுந்தது மூன்றே இடங்களில்: பட்ஜெட் பொறுப்பு, நிதி திரட்டல், போர்டுக்கு அறிக்கை கொடுப்பது. பட்டம் கேட்ட விளம்பரங்களில் பாதிக்கு மேல் அந்த 'அல்லது'வும் இருந்தது.

இந்த 'அல்லது' ஒப்புக்குப் போடும் சொல் இல்லை. ஐ.நா. செயலகத்தின் விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்நிலைப் பதவிகளுக்கு முதுகலை கேட்பார்கள், கூடவே பி-3 நிலைக்கு 5 வருட அனுபவமும் பி-4 நிலைக்கு 7 வருட அனுபவமும் கேட்பார்கள். அதற்குக் கீழேயே, இளங்கலையோடு கூடுதலாக 2 வருடம் தகுந்த அனுபவம் இருந்தால் முதுகலைக்குப் பதிலாக ஏற்கப்படலாம் என்ற வரியும் வழக்கமாக இருக்கும். அதாவது ஒரு முதுகலைக்கு அவர்களே போட்டிருக்கும் மதிப்பு இரண்டு வருட வேலை. 'ஏற்கப்படலாம்' என்பதில் ஒரு 'லாம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. விண்ணப்பங்கள் குவியும் இடத்தில் பட்டம் இருப்பவர் முதல் வடிகட்டலில் தப்பித்துவிடுவார். ஆனால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கப் போகிறேன் என்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆன்லைன் படிப்பின் உண்மையான லாபமே இங்கேதான் இருக்கிறது: வேலையும் ஓடும், பட்டமும் வரும், இரண்டு மூன்று வருடம் கழித்து 'அல்லது'வின் இரண்டு பக்கமும் கையில் இருக்கும்.

முழு முதுகலை

தொண்டு நிறுவன நிர்வாகம் தனிப் பாடமானது சமீபத்தில்தான். அமெரிக்காவில் 1980களில் தொடங்கியது. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் மாண்டெல் மையம் 1984-ல் வந்தது, இந்தியானா பல்கலைக்கழகத்தின் கொடைத்துறை ஆய்வு மையம் 1987-ல் வந்து, பின்னாளில் லில்லி குடும்பக் கல்லூரி என்று தனிக் கல்லூரியாகவே வளர்ந்தது. அதுவரை இந்த நிறுவனங்களை நடத்தியவர்கள் சமூகப்பணியிலிருந்தோ மத அமைப்புகளிலிருந்தோ அரசுப் பணியிலிருந்தோ வந்தவர்கள், வேலையைச் செய்தே கற்றவர்கள். இன்றைக்கும் தேர்வுக் குழுவில் உட்காரும் மூத்தவர்களில் பலர் அப்படி வந்தவர்களே. பட்டத்தைப் பார்த்து அவர்கள் அசந்துபோவதில்லை, அதற்காக ஒதுக்கிவிடுவதும் இல்லை.

என்ன படிப்பீர்கள்? போர்டு நிர்வாகம், நிதி, நிதி திரட்டல், சட்டம், தன்னார்வலர்களையும் ஊழியர்களையும் நிர்வகிப்பது, திட்ட மதிப்பீடு, கடைசியில் ஒரு புராஜெக்ட் அல்லது ஆய்வுக்கட்டுரை. கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும், சரக்கு பெரிதாக மாறாது.

மாறுவது நேரம். இதைத்தான் யாரும் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. அமெரிக்கக் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். ஆக 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 135 மணி நேரம். சாதாரண செமஸ்டரில் அது வாரம் 9 மணி. பல ஆன்லைன் படிப்புகள் "ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான், வேலை பார்ப்பவர்களுக்கு வசதி" என்று சொல்லி அதே பாடத்தை 8 வாரத்தில் சுருக்கி நடத்தும். 135-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள், வாரம் 17 மணி நேரம். வேலை நாட்களில் தினமும் இரண்டு மணி, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க. 36 கிரெடிட் முதுகலை என்றால் மொத்தம் 1,620 மணி நேரம். காலாண்டு ரிப்போர்ட் அனுப்பும் வாரத்திலும், டோனர், அதாவது நிதி கொடுப்பவர், களப் பார்வைக்கு வரும் வாரத்திலும் அந்த 17 மணி குறையாது. சேரும் முன்னால் உங்கள் அலுவலக நாள்காட்டியையும் படிப்பின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு தொந்தரவு, நேரடி வகுப்பின் நேரம். வேறு கண்டத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் மாலை ஏழு மணி வகுப்பு உங்களுக்கு விடியற்காலை நாலரையாக இருக்கலாம். "எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதிவு செய்த வகுப்புகளை மட்டும் கொடுப்பவர்களிடம் இந்தப் பிரச்சினை கிடையாது, ஆனால் அங்கே உரையாடலும் கிடையாது. புதன்கிழமைக்குள் ஒரு பதிவு எழுத வேண்டும், ஞாயிறுக்குள் இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும் என்று விதி இருக்கும். எல்லோரும் ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு வந்து "மிக அருமையான கருத்து, நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். மதிப்பெண் வந்துவிடும், ஆனால் யார் முகமும் நினைவில் நிற்காது. இந்தத் துறையில் அடுத்த வேலை பெரும்பாலும் யாரோ ஒருவர் சொல்லித்தான் வருகிறது, எனவே முகம் தெரியாத வகுப்பு என்பது சின்னக் குறை இல்லை. என்னைக் கேட்டால், விடியற்காலை எழுந்தாலும் பரவாயில்லை, ஒரே குழுவாகக் கடைசிவரை கூடவே வரும் நேரடி வகுப்பு உள்ளதையே தேர்ந்தெடுப்பேன்.

சட்டப் பாடம் எல்லை தாண்டாது

வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தில் சேருபவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. அமெரிக்கப் படிப்பில் 501 சி 3 என்ற வரிவிலக்குப் பிரிவையும் ஆண்டுதோறும் பகிரங்கமாகத் தாக்கல் செய்ய வேண்டிய ஃபார்ம் 990-ஐயும் சுற்றியே சட்டப் பாடம் ஓடும். இங்கிலாந்துப் படிப்பு என்றால் தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன், பொதுவாகச் சம்பளம் வாங்காத டிரஸ்டிகளின் பொறுப்பு. அதுவும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான், ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. இந்தியாவில் வேலை செய்பவருக்கு வெளிநாட்டு நிதி என்றாலே 2010-ன் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்தான். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது, வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் தடை வந்தது. இந்த இரண்டு மாற்றமும் தெரியாமல் ஒருவர் திட்ட முன்மொழிவு எழுதினால் அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாலும் பயன் இல்லை.

ஆக, நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டின் சட்டத்தைத் தனியாகத்தான் கற்க வேண்டியிருக்கும். நிதி, மதிப்பீடு, ஆள் நிர்வாகம் ஆகியவை எங்கேயும் செல்லும். 1969-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டுக்காக உருவாக்கிய லாக்ஃபிரேம் அட்டவணையை (திட்டத்தின் நோக்கம், வேலைகள், விளைவுகளைக் கட்டம் கட்டிக் காட்டுவது) இன்றைக்கும் உலகம் முழுக்க நிரப்பிக்கொண்டுதானே இருக்கிறோம், அது பிடிக்கிறதோ இல்லையோ!

பாடம் எவ்வளவு புதுசு என்று சோதிக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. அமெரிக்க அரசு நிதியில், அரசோடு தனியாகப் பேசி முடிவான விகிதம் இல்லாத நிறுவனங்கள் மறைமுகச் செலவுக்கு (வாடகை, அலுவலக நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த 10 சதவீதம் 2024 அக்டோபரில் 15 ஆனது. மாதிரி வகுப்பின் காணொளி இன்னும் 10 என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பாடத்தைப் பதிவு செய்தபின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு வண்டிச் செலவின் கதை

எல்லாத் தெரிவுகளிலும் நான் நிதிப் பாடத்தையே முதலில் தேடச் சொல்வதற்கு என் சொந்தத் தப்பு ஒன்று காரணம். ஒரு புராஜெக்டில் பயிற்சி முகாம்களுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி அப்படியே கிடந்தது, மழையால் முகாம்கள் தள்ளிப்போயிருந்தன. வண்டிச் செலவோ எகிறிக்கொண்டிருந்தது. மொத்தத் தொகை தாண்டவில்லையே என்று முகாம் பணத்தை எடுத்து வண்டிக்குப் போட்டேன். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், பட்ஜெட்டின் ஒரு தலைப்பில் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றம் வந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் மாற்றியது 23 சதவீதம். ஆடிட்டர் வவுச்சர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார், "அனுமதிக் கடிதம் எங்கே?" என்றார். யாரும் திருடவில்லை, வண்டி நிஜமாகவே ஓடியது, பில்லெல்லாம் ஒழுங்காக இருந்தது. இருந்தும் அந்தத் தொகையை ஏற்க மாட்டோம் என்று டோனர் சொல்லிவிட, நிறுவனம் தன் பொதுநிதியிலிருந்து எடுத்துத் திருப்பிக் கட்டியது.

இன்ன வேலைக்கு என்று கட்டுப்பட்ட நிதி ஒன்று, நிறுவனம் தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பொதுநிதி இன்னொன்று, இரண்டாவது எத்தனை அரிது என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது அந்தக் கேள்விக்குறிக்குப் பிறகுதான். வங்கிக் கணக்கில் பணம் நிறைய இருந்தும் அடுத்த மாதச் சம்பளத்துக்கு வழியில்லாமல் ஒரு தொண்டு நிறுவனம் எப்படித் திணறும் என்பது வியாபாரக் கணக்கு மட்டும் படித்தவர்களுக்குக்கூடச் சட்டென்று விளங்காது. கிடக்கும் பணம் முழுக்க வேறு வேறு புராஜெக்டுகளுக்குக் கட்டுப்பட்டது, அதில் கை வைக்க முடியாது. இதைத் தெளிவாகப் பேசத் தெரிந்தவரை தேர்வுக் குழு இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

சான்றிதழ் படிப்பு, என் ஓட்டு இதற்குத்தான்

பல்கலைக்கழகங்கள் நடத்தும் முதுகலை நிலைச் சான்றிதழ்கள் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு பாடங்கள். முதுகலையின் பாதி அளவு அல்லது அதற்கும் கீழே, ஒரு வருடத்தில் முடிக்கலாம். களத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்து நிர்வாகப் பக்கம் நகர நினைப்பவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். அடிக்கோடிட்ட வரிகளுக்கு ஏற்ப நிதி, நிதி திரட்டல், போர்டு நிர்வாகம் என்று பொறுக்கி எடுத்துப் படிக்கலாம். சமூகத் தேவைகள், தொண்டின் வரலாறு மாதிரி உங்களுக்கு ஏற்கனவே பாதி தெரிந்த பாடங்களுக்காக ஒரு செமஸ்டரைச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சேரும் முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தச் சான்றிதழின் கிரெடிட்டுகள் பின்னால் அதே பல்கலைக்கழகத்தின் முதுகலையில் முழுதாகக் கணக்கில் வருமா, எத்தனை வருடத்துக்குள் சேர வேண்டும்? "பொதுவாக வரும்" என்று போனில் சொல்வதை நம்ப வேண்டாம். கிரெடிட் சேரும் சான்றிதழ் என்றால் அது முதுகலையின் முன்பணம் மாதிரி. ஒரு வருடம் படித்துப் பார்த்து, ஒத்துவந்தால் மேலே போகலாம், இல்லையென்றால் கையில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கிரெடிட் இல்லாத, பேராசிரியரின் படமும் பல்கலைக்கழகச் சின்னமும் மட்டும் போட்ட ஆறு வாரச் சான்றிதழ்களும் இதே பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் பாடம் நன்றாகவே இருக்கலாம், ஆனால் தற்குறிப்பில் அவற்றுக்கு இடம் கடைசி வரிதான்.

வியாபார நிர்வாகத்தில் எம்.பி.ஏ. படித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தொண்டுத் துறையிலேயே இருப்பேனா என்று உறுதியில்லாதவருக்கு அது நல்ல தெரிவு, வெளியே போகும் கதவு திறந்தே இருக்கும். அரசோடு சேர்ந்து வேலை செய்யும் அமைப்புகளுக்கு பொது நிர்வாக முதுகலை பொருந்தும். ஆலோசனை, குழந்தைப் பாதுகாப்பு என்று மக்களோடு நேரடியாகவே இருக்க விரும்புபவருக்கு எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன், சில நாடுகளில் அந்த வேலைக்கு உரிமமே அதை வைத்துத்தான்.

தொழில்முறைத் தேர்வுகள்

இவை படிப்பு இல்லை, தேர்வு. சி.எஃப்.ஆர்.இ. என்ற நிதி திரட்டுவோர் சான்றிதழ் 1981-லிருந்து இருக்கிறது. அனுபவமும் திரட்டிய நிதியின் கணக்கும் காட்டினால்தான் தேர்வே எழுத முடியும், வாங்கியபின் 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். வட அமெரிக்காவில் அதற்கு மதிப்பு அதிகம். நிதி திரட்டலே தொழில் என்று முடிவு செய்தவருக்கு மட்டும்தான் இது, புதிதாக வருபவருக்குப் பொருந்தாது.

தொண்டு நிறுவனங்களின் திட்ட நிர்வாகத்துக்காகவே இருக்கும் பி.எம்.4.என்.ஜி.ஓ.ஸ் அமைப்பின் பக்கம் கிடைக்கும் சான்றிதழ்கள் களத்துக்குக் கிட்டத்தில் இருப்பவை. திட்ட நிர்வாகத்துக்கு புராஜெக்ட் டி.புரோ, கண்காணிப்புக்கும் மதிப்பீட்டுக்கும் மீல் டி.புரோ, நிதிக்கு ஃபைனான்ஸ் டி.புரோ. புராஜெக்ட் டி.புரோவின் கையேடு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். சர்வதேச நிறுவனங்களின் திட்ட அலுவலர் பதவிகளுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்தவையே. தேர்வு எழுதாவிட்டாலும் கையேட்டை ஒரு முறை வாசித்துவிடுங்கள், வழக்கமாக நாம் செய்துவரும் வேலைகளுக்கெல்லாம் அங்கே ஒரு பெயர் இருக்கும். நேர்காணலில் அந்தப் பெயர்களுக்கு ஒரு மரியாதை உண்டு.

இலவசம்

காயா என்ற தளத்தை ஹியுமானிடேரியன் லீடர்ஷிப் அகாடமி நடத்துகிறது. டிசாஸ்டர்ரெடி என்று இன்னொன்று. இரண்டுமே இலவசம், இரண்டிலும் பாதுகாப்பு, நிதி, திட்ட நிர்வாகம் என்று நிறையப் பாடங்கள் இருக்கின்றன, சான்றிதழும் கிடைக்கும். அப்புறம் கோர்செரா, எடெக்ஸ் போன்ற பெரிய தளங்களும் இருக்கின்றன.

சிக்கல் பாடத்தின் தரத்தில் இல்லை, நம்மிடம்தான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எடெக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறு வருடத் தரவை வைத்து 2019-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பதிவு செய்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடப் பக்கத்துக்குள்ளேயே நுழையவில்லை. 2017-18-ல் பாடத்தை முடித்தவர்கள் வெறும் 3.13 சதவீதம். பணம் கட்டிச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். பணம் கட்டினாலே முடித்துவிடுவோம் என்று இதற்கு அர்த்தமில்லை, முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள்தானே பணமும் கட்டியிருப்பார்கள். இருந்தாலும் அவர்களிலேயே பாதிக்கு மேல் நடுவில் விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். என் கணக்கிலும் பாதியில் நின்ற பாடங்கள் பதினொன்று இருக்கின்றன, அதில் 'நேர நிர்வாகம்' ஒன்று.

இலவசப் பாடத்தை உருப்படியாகப் பயன்படுத்தியவர்கள் ஒரே ஒரு தந்திரம்தான் செய்கிறார்கள்: அடுத்த மாதம் அலுவலகத்தில் நிஜமாகவே செய்தாக வேண்டிய வேலை ஒன்றோடு பாடத்தைக் கட்டிவிடுகிறார்கள். புதிய புரொபோசல் வருகிறது என்றால் அதன் பட்ஜெட்டை நான் போடுகிறேன் என்று மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த வாரமே பட்ஜெட் பாடத்தைத் திறப்பது. பாடம் முடியும்போது கையில் காட்டுவதற்கு ஒரு பட்ஜெட் இருக்கும். 'இணையான அனுபவம்' என்பது கடைசியில் இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

பணம் யார் கொடுப்பது

கடன் வாங்கிப் படிக்கும் முடிவில் இப்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 2025-ல் யு.எஸ்.எய்ட் கலைக்கப்பட்டு, ஜூலை 1 அன்று மிச்சமிருந்த வேலைகள் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போயின. அந்த நிதியை நம்பியிருந்த நிறுவனங்களில் வேலையிழந்தவர்கள் முதுகலையும் பத்து பதினைந்து வருட அனுபவமும் வைத்துக்கொண்டு அதே பதவிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இந்த நேரத்தில் பட்டம் மட்டும் உங்களை முன்னால் தள்ளும் என்று யாராவது சொன்னால் அவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்ப்பவராக இருப்பார். அமெரிக்க அரசுக் கல்விக்கடன் இருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு: 2007 சட்டப்படி, அரசிலோ 501 சி 3 அமைப்பிலோ முழுநேரமாக வேலை செய்தபடி தகுதியுள்ள 120 மாதத் தவணைகள் கட்டினால் மீதி தள்ளுபடி. மற்றவர்களுக்கு அது பொருந்தாது, ஆங்கிலக் கட்டுரைகளில் அதை வாசித்துவிட்டு நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அதற்குப் பதில் உங்கள் நிறுவனத்தையே கேளுங்கள். பல புராஜெக்ட் பட்ஜெட்டுகளில் 'கெப்பாசிட்டி பில்டிங்' (திறன் வளர்ப்பு) என்ற தலைப்பு இருக்கும், வருடக் கடைசியில் அதில் மிச்சமும் இருக்கும். அதில் ஊழியரின் படிப்பைச் சேர்க்க டோனர் அனுமதிப்பாரா என்று கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இன்னும் நல்லது, அடுத்த புரொபோசல் எழுதும்போதே சான்றிதழ்க் கட்டணத்தை ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது. முதுகலைக்கு இது நடக்காது, தொகை பெரிது. சான்றிதழுக்கு நடக்கும், நடந்து பார்த்திருக்கிறேன். பதிலுக்கு ஒன்றிரண்டு வருடம் வேலையை விடக்கூடாது என்று எழுதி வாங்குவார்கள். அதே நிறுவனத்தில் அடுத்த பதவி வருமா என்று தெரியாமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

யாருக்கு எது என்று கேட்டால்

சர்வதேச அமைப்புகளின் தலைமையகமும் ஐ.நா.வும்தான் இலக்கு, வயது முப்பதுக்குள், முதுகலை எதுவுமே இல்லை என்றால் முழுப் பட்டம் படியுங்கள், வேலையை விடாமல். ஏற்கனவே வேறு ஒரு முதுகலை இருந்தால் இரண்டாவது முதுகலை வேண்டவே வேண்டாம், விளம்பரத்தின் முதல் பாதி நிறைவேறிவிட்டது, சான்றிதழ் போதும். தனியார் நிறுவனத்திலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர் எதையும் படிக்கும் முன்னால் ஒரு சிறிய அமைப்பின் போர்டிலோ நிதிக் குழுவிலோ ஒரு வருடம் தன்னார்வலராக உட்கார்ந்து பார்க்கட்டும். கணக்கு அவருக்குத் தெரியும். பத்து பேர் சம்மதிக்காமல் ஒரு முடிவும் எடுக்க முடியாத கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியாது, அதை ஆன்லைனில் கற்றுக்கொடுக்கவும் முடியாது. சொந்தமாக அமைப்பு தொடங்கி நடத்துபவருக்கு யாரும் பட்டம் கேட்கப்போவதில்லை, தன் நாட்டுச் சட்டமும் நிதியும் மட்டும் குறுகிய பாடமாகப் படித்தால் போதும்.

எதில் சேர்ந்தாலும் அங்கீகாரத்தை அந்தப் படிப்பின் இணையதளத்தில் சரிபார்க்காதீர்கள், அங்கே எல்லோரும் அங்கீகாரம் பெற்றவர்கள்தான். அந்த நாட்டுக் கல்வித்துறையின் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். பிறகு ஆன்லைன் வழியில் கொடுக்கும் பட்டத்தை உங்கள் நாட்டில் இணையானதாக ஏற்கிறார்களா என்று தனியாகப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு கேள்வி.

அப்புறம், படித்து முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பல்கலைக்கழகம் கைகாட்டும் ஆட்கள் வேண்டாம், நீங்களே லிங்க்ட்இன்னில் கண்டுபிடித்தவர்கள். "படிப்பு நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள், கட்டிய பணம் அப்படிச் சொல்ல வைக்கும். "அதில் கற்றதில் இப்போதும் வேலையில் எடுத்துப் பயன்படுத்துவது எது, காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். என்னிடம் கேட்டால் நான் படித்த நான்கு பாடங்களில் மிஞ்சியது ஒரு எக்செல் ஷீட் என்று சொல்வேன். நிதிப் பாடத்தின் மூன்றாவது அசைன்மென்ட்டுக்காகச் செய்தது. தலைப்பு, ஒப்புதல் தொகை, இந்தக் காலாண்டுச் செலவு, இதுவரை செலவு, மீதி, வித்தியாசச் சதவீதம் என்று ஆறு நெடுவரிசைகள் ஆசிரியர் கொடுத்தது. ஏழாவதை நானாகச் சேர்த்தேன்: அனுமதிக் கடிதத் தேதி.